முதல் நாள், வளைவுக்கு அடியில்

பாடாலூரில் பெரிய ரோட்டை ஒட்டி நிற்கிற மாடி வீடு நான் கட்டியது. ஜெயங்கொண்டத்தில் மளிகைக் கிட்டங்கி, கீழப்பழுவூர்ப் பக்கம் ஊற்றே இல்லை என்று எல்லோரும் கைவிட்ட இடத்தில் கல் சுற்றிய கிணறு, கங்கைகொண்ட சோழபுரம் போகிற வழியில் ஓடைப் பாலம், எல்லாம் என் கொத்துக்கரண்டி கட்டியது. அந்த ஓடை வருஷா வருஷம் மாட்டையும் வண்டியையும் உருட்டிக்கொண்டு போகும். இன்று அதன் மேல் டவுன் பஸ் போகிறது, உள்ளே இருக்கிறவர்களுக்குக் கீழே ஓடை இருப்பதே தெரியாது. அரியலூரில் அரிசி மில் புகைபோக்கி இரண்டு. இரண்டும் சாயவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் சுண்ணாம்புக் காளவாயில் கல் பொறுக்கப் போய்விடுவேன். அப்பன் சொத்து என்று எனக்கு வந்தது சுவர் நேர் பார்க்கிற ஒரு தூக்குக்குண்டு மட்டும்தான். அதன் கயிறும் இற்றுப்போயிருந்தது.

இத்தனையும் சொன்னது எதற்கென்றால், இவை எல்லாவற்றுக்கும் மூத்ததாக ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகும் சாலையில் இடது கைப்பக்கம். ஒரே நீளமான அறை, மேலே செங்கல் வளைவுக் கூரை. அது நின்றதால்தான் மற்றதெல்லாம் நின்றது. அது விழுந்திருந்தால் நான் சாகும்வரை இன்னொருத்தன் கட்டும் சுவருக்குச் சாந்து சுமந்திருப்பேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். இரும்பு கிடையாது, சிமெண்டு கிடையாது, தேக்கு மரத்தைப் பட்டாளத்துக்கென்று கொண்டு போய்விட்டார்கள். மண்ணெண்ணெய்க்கே வரிசையில் நிற்க வேண்டும். அப்போது ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் எங்கள் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மாள் வைத்தியம் பார்ப்பார். வெள்ளைக்காரர் மருந்து கலக்குவார், தண்ணீர் இறைப்பார், சைக்கிளில் போய் நோயாளியைப் பின்னால் உட்கார வைத்து அழைத்து வருவார். பட்டாளத்தில் சேர மாட்டேன் என்று சொன்னவராம். குவேக்கர் என்று ஒரு வேதக் கூட்டம், அதில் அவர்கள் சேர்ந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் சாமியார் இல்லை, பெரியவன் சின்னவன் இல்லை. நாங்கள் ‘துரை’ என்று கூப்பிட்டால் அவருக்குப் பிடிக்காது. பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார். வெள்ளைக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு நாக்கு வரவில்லை. ‘அய்யா’ என்பதில் இரண்டு தரப்பும் சமாதானம் ஆனோம்.

வைத்தியம் ஓலைக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. ஒரு ஐப்பசி மழையில் கொட்டகை ஒழுகிப் பிரசவித்த பெண்ணும் பிள்ளையும் நனைந்து போனார்கள். அடுத்த மழைக்குள் ஒரு நல்ல கூரை வேண்டும் என்றார் அந்த அம்மாள். இரும்பும் மரமும் இல்லாமல் யார் கூரை போடுவார்கள்? என் மாமனாரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அரியலூரில் அந்தக் காலத்தில் மேஸ்திரி என்றால் அவர்தான். முடியாது, யுத்தம் முடிந்ததும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். நான் அவருக்குப் பின்னால் சாந்துச் சட்டியோடு நின்றுகொண்டிருந்தேன். “நான் போடுறேன்” என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. செங்கலை வில்லாக வளைத்துக் கட்டினால் மரமும் வேண்டாம், இரும்பும் வேண்டாம். பழைய கோயில் மடைப்பள்ளியிலும் தானியக் கிடங்கிலும் அந்த வளைவைப் பார்த்திருக்கிறேன். பார்த்ததுதான், கட்டியதில்லை. மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு எல்லோரும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்.

“கட்டுங்க மாப்ள. வுழுந்துச்சுன்னா என் பொண்ணு என் வூட்டுக்கு வந்துரும். நீங்களும் வாங்க, சட்டி எங்கயும் போயிடாது.”

என் மனைவி அப்போது என்னோடுதான் சித்தாள் வேலை செய்துகொண்டிருந்தாள். அவளும் கேட்டாள். அப்பனுக்கும் பதில் சொல்லவில்லை, எனக்கும் சொல்லவில்லை. கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அது போதவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று அன்றைக்கெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை தொடங்கிய அன்று அந்த அய்யா கொட்டகைக் கதவில் கரியால் ஏழு கோடு போட்டார். ஒவ்வொன்றுக்கும் எண். இரண்டிலிருந்து ஏழு வரை வேலை, ஒன்றாம் கோட்டுக்கு வேலை கிடையாது என்று காட்டினார். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏலாக்குறிச்சிக்காரர் ஒரு கிறிஸ்தவ வாத்தியார்தான் அவருக்குத் துபாஷி மாதிரி. அவர் எங்களுக்கு விளக்கினார். ஞாயிறு, திங்கள் என்ற பேரை அந்தக் கூட்டத்தார் வாயால் சொல்ல மாட்டார்களாம். அவர்கள் ஊரிலும் கிழமைகளுக்குச் சூரியன், சந்திரன், சனி என்றுதான் பேராம். அதெல்லாம் பழைய தெய்வங்களின் பேர், ஒரு தேவனைக் கும்பிடுகிறவன் வேறு தெய்வத்தின் பேரில் நாளை அழைப்பானேன் என்று அவர்கள் முன்னோர் கேட்டார்களாம். அதனால் ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள், அப்படியே சனி ஏழாம் நாள். மாதத்துக்கும் எண்தான். இந்த மாதிரிப் பிடிவாதங்களுக்காக அந்த முன்னோர் ஜெயிலுக்கும் போயிருக்கிறார்கள் என்றார் வாத்தியார். வாத்தியாருக்கே அதில் கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் மரியாதை.

நான் கேட்டேன், முதல் நாள் என்றால் அது மற்ற நாளை விட உசத்தியா என்று. வாத்தியார் கேட்டுச் சொன்னார்: உசத்தி இல்லை, எண்ணிக்கையில் முதல், அவ்வளவுதான். நல்ல நாள், கெட்ட நாள் என்று அவர்களுக்குக் கிடையாது, எல்லா நாளும் தேவன் கொடுத்தது. நான் விடவில்லை.

“எல்லா நாளும் ஒண்ணுதான்னா அன்னிக்கு மட்டும் எதுக்கு வேலைய நிறுத்தணும்? கேளுங்க சார்.”

வாத்தியார் தயங்கினார். நான் கேட்கச் சொன்னேன். அய்யா கேட்டுவிட்டுச் சிரித்தார். ஜெயங்கொண்டம் சந்தையை ஏன் ஒரே கிழமையில் வைத்திருக்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டார். எல்லோரும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டுமென்றால் ஒரு நாளைச் சொல்லி வைக்க வேண்டும், அதற்குத்தான் என்றார். சந்தை என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. என் ஆட்களுக்கும் விளங்கிவிட்டது. அன்றிலிருந்து அவர் இருக்கும்போது நாங்களும் ‘மூணாம் நாளு வரேங்க’ என்றுதான் சொல்வோம். அவர்கள் அன்றைக்கு எப்படிக் கூடுவார்கள், என்ன செய்வார்கள் என்பது மட்டும் எங்களில் யாருக்கும் தெரியாது. அன்றைக்கு வேலை இல்லாததால் நாங்கள் வருவதில்லை. வாத்தியார் பூசைக்கு ஏலாக்குறிச்சி போய்விடுவார்.

இப்போது கட்டடத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கம் கரிசல் மண். வெயிலில் பிளந்து கிடக்கும், கால் உள்ளே போகும். மழை விழுந்தால் மாவு மாதிரி உப்பும். அந்த மண்ணைத் தோண்டித் தள்ளி, கீழே சுண்ணாம்புக்கல் பாறை தட்டும்வரை போய் அஸ்திவாரம் போட்டேன். மாமனாராக இருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பார். பக்கச் சுவரைக் கல்லால் கட்டினேன். வளைவு இரண்டு பக்கமும் உதைக்கும், சுவர் பிதுங்கிவிடும். அதற்காக வெளியே சாய்வாக உதைசுவர்கள் வைத்தேன். பனைமரத்தை அறுத்து, அடியில் ஆப்பு வைத்து முட்டுக் கொடுத்து, மேலே மூங்கில் வளைத்து, பாய் விரித்து, அதன் மேல் செங்கலை நெருக்கி அடுக்கினேன். சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த சாந்து. நடு உச்சியில் கடைசி வரிசைச் செங்கலை நானே அடித்து இறக்கினேன். கையில் ரத்தம் வந்தது. அதுவும் அந்தச் சாந்தில்தான் இருக்கிறது.

வளைவு முடிந்து சாந்து இறுகிக்கொண்டிருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை தெற்கே மேகம் கட்டியது. காற்றில் மண் வாசனை. உள்ளே ஓடி முட்டுகளின் அடியைத் தொட்டுப் பார்த்தேன். காரணம் இது: சுவர் பாறை மேல் நிற்கிறது, அதற்குப் பயமில்லை. ஆனால் உள்ளே முட்டுக் கொடுத்த பனைமரங்கள் எல்லாம் வெறும் கரிசல் தரையில் நிற்கின்றன. சுவருக்கு வெளியே தேங்குகிற தண்ணீர் உள்ளே ஊறினால் தரை உப்பும். உப்பினால் முட்டு ஒரு பக்கம் ஏறும், ஒரு பக்கம் ஏறாது. கீழிருந்து வளைவின் நெஞ்சில் குத்தும். மழைக்கு முன்னால் முட்டுகளையெல்லாம் எடுத்துவிட வேண்டும். எடுத்தால் வளைவு தன் காலில் நிற்க வேண்டும். நிற்குமா என்பது எடுத்தால்தான் தெரியும்.

மறுநாள் சனிக்கிழமை. ஆட்கள் வந்தார்கள், மேகத்தைப் பார்த்தார்கள், முட்டுகளைப் பார்த்தார்கள். யாரும் கை வைக்கவில்லை. சனிக்கிழமை சாரம் பிரித்தால் சனி பின்னாலேயே வீடு வரை வரும் என்றார்கள். நாளை ஞாயிறு, அய்யா வேலை செய்ய விட மாட்டார். திங்கள் அஷ்டமி. அடுத்தது செவ்வாய், அன்றைக்கு எவனும் புதிதாக ஒன்றும் செய்ய மாட்டான். புதன்கிழமை காலையில் வருகிறோம் மேஸ்திரி என்றார்கள். புதன்கிழமைக்குள் கொள்ளிடமே பெருகி வந்துவிடும் போல வானம் இருந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என்னைத் தவிர வேறு யாருக்கும் வந்திருக்காது, இதை அடித்துச் சொல்வேன். கொட்டகைக் கதவின் முன்னால் ஆட்களை நிறுத்தினேன். கரிக் கோட்டைத் தொட்டுக் காட்டினேன்.

“இந்தக் கட்டடம் யாருது? அய்யாவுது. அவரு கணக்குல இன்னிக்கி சனிக்கெழமையே கெடையாது. ஏழாம் நாளு. நல்லதுமில்ல, கெட்டதுமில்ல. சனி நம்ம வூட்டுக்கு வரலாம், இந்த வூட்டுக்கு அவருக்கு என்ன வேல?”

ஆட்களில் மூத்த கொத்தனார் ஒருவர் இருந்தார். என் அப்பனோடு வேலை செய்தவர். தாடையைச் சொறிந்துகொண்டே, “நாம பேர மாத்திட்டா சனிக்கு வழி தெரியாமப் போயிடுமாக்கும்” என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரித்தபின் பயம் பாதியாகிவிடும், அது எனக்குத் தெரியும். என் மனைவி அதற்குள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போய் முதல் ஆப்பின் பக்கத்தில் நின்றாள். மூத்தவரும் வேஷ்டியை மடித்துக் கட்டினார். “எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எட்டாம் நாளுல பொதைங்கடா” என்று சொல்லிவிட்டு அவரும் போனார்.

இரண்டு பக்கமும் ஆள் நின்று ஒரே சீராக ஆப்பைத் தளர்த்தினோம். ஒரு பக்கம் முந்திவிடக் கூடாது. நான் நடுவில் நின்று கைகாட்டினேன். முட்டு இறங்கியது, மூங்கில் இறங்கியது, பாய் உரிந்து விழுந்தது. வளைவு தனியாக நின்றது. எல்லோரும் வெளியே ஓடிவந்து திரும்பிப் பார்த்தோம். அப்போது உள்ளேயிருந்து ஒரு சத்தம் கேட்டது. காய்ந்த சுரைக்குடுக்கை தெறிக்கிற மாதிரி. உள்ளே போய்ப் பார்த்தேன். உச்சிக்குக் கொஞ்சம் தள்ளி, தலைமயிர் அளவுக்கு ஒரு கீறல்.

வளைவு அமரும்போது ஒரு கீறல் விடும், பிறகு இறுகிக்கொள்ளும். அப்படித்தான் கேள்விப்பட்டிருந்தேன். விழுவதற்கு முன்னாலும் கீறல்தான் விடும், அதையும் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சாரம் பிரித்த வளைவு ஒரு ராத்திரி தாண்டியபின் கட்டினவன் அதன் அடியில் போய் உட்கார வேண்டும். யாரும் பேசக் கூடாது. வளைவு பேசுகிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தம் நின்றிருந்தால் அது அமர்ந்துவிட்டது. விட்டு விட்டுக் கேட்டால் எழுந்து ஓட வேண்டியதுதான். கட்டினவன் உட்காராத வளைவுக்கடியில் வேறு எவனும் உட்கார மாட்டான்.

அன்று ராத்திரி மழை கொட்டியது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நான் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

விடிந்து மழை விட்டதும் ஓட்டமும் நடையுமாகப் போனேன். என் மனைவி பின்னாலேயே வந்தாள். வேலை இல்லாத நாளானாலும் ஆட்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கட்டடம் நின்றுகொண்டிருந்தது. தூரத்தில் ரோட்டில் புளியமரத்தடியில் குடையோடு மாமனாரும் நின்றுகொண்டிருந்தார். மருமகன் கட்டடம் விழுவதைப் பார்க்க அரியலூரிலிருந்து சேற்றில் நடந்து வந்திருக்கிறார்.

வாசலில் போய் எட்டிப் பார்த்தேன். என் கால் நின்றுவிட்டது.

உள்ளே சரியாக உச்சிக்கு நேர் கீழே, ஒரு மர பெஞ்சில் அந்த அய்யா உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பெஞ்சில் அந்த அம்மாள். இருவரும் பேசவில்லை. கண் மூடியிருந்தது. கை மடியில் இருந்தது. அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்து, ஏதோ மெல்லிய சத்தத்தைக் கேட்கிற மாதிரி இருந்தார். முன்னால் புத்தகம் இல்லை, சிலுவை இல்லை, மெழுகுவத்தி இல்லை.

எங்கள் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. மூத்த கொத்தனார் என் காதில் சொன்னார்: “வளவு பேசுதான்னு கேக்குறாருடா.”

எனக்கு அவமானமாகப் போய்விட்டது. கட்டினவன் நான். உட்கார வேண்டியவன் நான். நான் வருவதற்கு முன்னால் மருந்து கலக்குகிற மனுஷன், அதுவும் பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு, கீறலுக்கு அடியில் உட்கார்ந்து காது கொடுத்துக்கொண்டிருக்கிறார். நம் தொழில் வழக்கம் இவருக்கு யார் சொன்னது, என்ன தைரியம் என்று வாய் பிளந்து நின்றார்கள் என் ஆட்கள். ரோட்டில் மாமனார் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கீறல் எனக்குத் தெரியும். தெரிந்தவனுக்குத்தான் பயம்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். தரை ஈரமாக இருந்தது, பொதபொதவென்று உப்பியிருந்தது. நல்லவேளை முட்டுகளை எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டே பெஞ்சுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அந்த அய்யா கண்ணைத் திறந்து பார்த்தார். லேசாகத் தலையை அசைத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டார். வா, நீயும் கேள் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது யார் வந்தது என்று நினைக்கிறீர்கள்? என் மனைவி. பக்கத்தில் வந்து முட்டி இடிக்கிற மாதிரி உட்கார்ந்தாள். அப்பன் பேசிய அன்றைக்குச் சொல்லாத பதிலை அன்று சொன்னாள் என்று வைத்துக்கொள்கிறேன். பிறகு மூத்த கொத்தனார். பிறகு சித்தாள் பெண்கள், ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு. அறை நிறைந்துவிட்டது. யாரும் மூச்சைச் சத்தமாக விடவில்லை.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். வெளியே கொட்டகை ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் தூரத்தில் ரயில் கூவுவதும் கேட்டது. மேலே ஒன்றுமில்லை. ஒரு தடவை உச்சியிலிருந்து கொஞ்சம் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து அய்யாவின் தோளில் விழுந்தது. எல்லாத் தலையும் மேலே திரும்பியது. ஒரு பெண் எழுந்திருக்கப் போனாள். அந்த அய்யா அசையவே இல்லை, தட்டியும் விடவில்லை. அதைப் பார்த்து அவளும் உட்கார்ந்துவிட்டாள். நான் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க அது வளர்கிற மாதிரி இருக்கும். கண்ணை மூடிக் காதை மட்டும் வைத்தேன். அப்போதுதான் தெரிந்தது. சத்தம் இல்லை. ராத்திரி பெய்த மழை அத்தனையையும் தாங்கிவிட்டு, என் வளைவு வாயை மூடிக்கொண்டு தன் எடையை இரண்டு தோளிலும் இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தது. காய்ச்சல் இறங்கும்போது வேர்க்குமே, அந்த மாதிரி வேர்த்தது.

எழுந்து நின்றேன். யாரிடம் சொல்கிறேன் என்று தெரியாமல் சொன்னேன்.

“நிக்கிதுங்க. இனிமே பயமில்ல.”

அந்த அய்யா கண்ணைத் திறந்து என்னை ரொம்ப மரியாதையாகப் பார்த்தார், அந்த அம்மாளும் பார்த்தார். மறுபடி கொஞ்ச நேரம் அமைதி. பிறகு அவர் எழுந்து மனைவியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையைக் குலுக்கினார். மூத்தவர் கையை, அப்புறம் வரிசையாக எல்லோர் கையையும். சித்தாள் பெண்கள் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். அவர்கள் தெருக்காரர்கள் கையை அதுவரை எந்த மேல்சாதிக்காரனும் தொட்டதில்லை, வெள்ளைக்காரர் தொட வருகிறார். அவர் கை நீட்டியபடியே சிரித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அந்த அம்மாள் போய்க் கையைத் தேடி எடுத்துக் குலுக்கினார். வளைவு நின்றதற்கு அவர்களுக்கு இவ்வளவு சந்தோஷம் என்று நாங்கள் நினைத்தோம்.

அந்த நேரத்தில் பூசை முடிந்து வாத்தியார் சைக்கிளைச் சேற்றில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அய்யா அவரிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டார், கண் கலங்கியிருந்தது. வாத்தியார் எங்களிடம் வந்தார். முதல் நாள் ஆராதனைக்கு நீங்கள் எல்லோரும் வந்து உட்கார்ந்தீர்களாமே, என்றார். அவர்கள் கூட்டத்தில் பாட்டில்லை, பிரசங்கமில்லை, இப்படி வாய் மூடி உட்கார்வதுதான் ஆராதனை, யாருக்காவது உள்ளுக்குள் ஒரு வார்த்தை தோன்றினால் எழுந்து சொல்லலாம், கை குலுக்கினால் முடிந்தது. நீ எழுந்து என்ன வார்த்தை சொன்னாய் என்று கேட்கிறார்.

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். நான் நடந்ததைச் சொன்னேன். கீறலையும் காட்டினேன், தொழில் வழக்கத்தையும் சொன்னேன். வாத்தியார் பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அப்படியே சொல்லிவிட்டார்.

அந்த அய்யா மெல்லத் தலையைத் தூக்கி உச்சியைப் பார்த்தார். தோளில் கிடந்த சுண்ணாம்புத் தூளைத் தொட்டுப் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. வெளுத்த முகம் இன்னும் வெளுக்குமா என்று கேட்டால், வெளுக்கும், நான் பார்த்தேன். வளைவு விழக்கூடும் என்று அவருக்கு யாரும் சொல்லவே இல்லை. சாரம் பிரித்தாயிற்று, மழையிலும் ஒழுகவில்லை, கட்டடம் முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெஞ்சைக் கொண்டு வந்து போட்டிருக்கிறார். பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தவர் பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் சிரித்தார், வாத்தியார் சிரித்தார், அர்த்தம் புரிந்ததும் என் ஆட்கள் சேற்றில் உட்கார்ந்து சிரித்தார்கள். அடுத்த முதல் நாளும் வருவீர்களா என்று அய்யா கேட்கச் சொன்னார். மூத்த கொத்தனார் சொன்ன பதில்: “வரோம்னு சொல்லுங்க. இதவிட ஒசரமா ஒரு வளவு கட்டச் சொல்லுங்க.”

மாமனார் புளியமரத்தடியிலிருந்து இறங்கி வந்தார். உள்ளே போய்க் கீறலைப் பார்த்தார், சுவரைக் கையால் தட்டினார், உதைசுவரைச் சுற்றி வந்தார். போகும்போது மகளைப் பார்த்து, “மாப்ளைக்கி சோறு எதாச்சும் போட்டியா, பேயறஞ்சாப்ல இருக்காரு” என்றார். அவர் வாயிலிருந்து எனக்குக் கிடைத்த மெடல் அதுதான். அதன் பிறகு அவர் சாந்துச் சட்டியைப் பற்றிப் பேசவில்லை. நானும் அதைத் தொடவில்லை.

கட்டடத்துக்குக் கல் பதிக்கலாம் என்று அப்போதே வாத்தியார் கேட்டார். அய்யா வேண்டாம் என்றுவிட்டார். அவர்கள் கூட்டத்தில் செத்தவன் குழிக்கே பெரிய கல் வைக்க மாட்டார்களாம். அவர்கள் ஊருக்குத் திரும்பிப் போனபின் கட்டடம் பல கை மாறியது. இப்போது அதில் பிள்ளைகள் படிக்கிற வாசகசாலை நடக்கிறது. அந்தக் கீறல் அன்று இருந்த அளவிலேயே இருக்கிறது. வெள்ளையடிக்கிறவனிடம் அதை மூடாதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது ஊர்க்காரர்கள் வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கூரை நிற்குமா என்று எல்லோரும் அஞ்சி வெளியே நின்றபோது வெள்ளைக்காரத் துரை தன் தெய்வத்தை நம்பித் துணிந்து முதல் ஆளாக உள்ளே அமர்ந்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது. அவர் நல்ல மனுஷர். அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அவர் முதலில் உட்கார்ந்தது நிஜம். ஆனால் அவருக்குத் தெரியாது. தெரிந்து உட்கார்ந்தவன் நான். எனக்குப் பின்னால் தெரிந்து உட்கார்ந்தவள் என் மனைவி. அவளுக்குப் பின்னால் என் ஆட்கள்.

ஆகையால் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். கல்லில் ‘துரை’ என்பதை எடுத்துவிடுங்கள், அது அவருக்குப் பிடிக்காது. ‘ஞாயிற்றுக்கிழமை’ என்பதை அடித்து ‘முதல் நாள்’ என்று வெட்டுங்கள், அது அவருக்குச் செய்யும் மரியாதை. அதற்குக் கீழே, இந்த வளைவைக் கட்டியவன் இன்னான், விழக்கூடும் என்று தெரிந்தே அதன் அடியில் மனைவியோடு உட்கார்ந்தான் என்று என் பேரையும் அவள் பேரையும் போடுங்கள். கீழே இடம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். உளி என்னிடமே இருக்கிறது, நல்ல உளி, தருகிறேன். நானே போய் வெட்டிக்கொள்ள எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் அதை நான் வெட்டக் கூடாது. ஊர்தான் வெட்ட வேண்டும்.